இரைக்கடையின் மூன்று கேள்விகள்

அந்தக் கடைக்குள் யார் கால் வைத்தாலும் கடைக்கார அம்மா கேட்பது மூன்றே மூன்று கேள்விகள்தான். "எங்கே? எதிலே? எவ்வளவு?" எங்கே பிடித்தாய், எந்த இரையில் பிடித்தாய், எவ்வளவு பெரிசு. சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகு. கேட்கிற குரலும் சும்மா குரல் இல்லை. தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனைக் கூப்பிடுகிற குரல். கடையோ நாலு பேர் நின்றால் முட்டுப்படுகிற கடை. பதில் சொன்னால் அதையும் அதே சத்தத்தில் திருப்பிச் சொல்லுவார். "ஃபிராங்க்ஸ்டன் பாலத்திலா? சாளையிலா? மூன்று இறாத்தலா? அப்படிப் போடு!" பிறகு சோக்கட்டியை எடுத்து, பின்னால் தொங்கிய கரும்பலகையில் எழுதுவார். திங்கட்கிழமை காலையில் பலகையைத் துடைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார்.

அவர் பேசியது இங்கிலிஷ். என் ஞாபகத்தில் அது தமிழாகத்தான் கேட்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. நாங்கள் இலங்கையிலிருந்து மெல்பேர்னுக்கு வந்து, நோபல் பார்க்கில் ஒரு சின்ன ஃபிளாட்டில் இருந்தோம். கடை மோர்டியலொக்கில், கடலுக்குள் நீண்டு போகிற மரப்பாலத்துக்குக் கிட்ட. மூன்று வருஷத்துக்கு மேல் சனிக்கிழமை தவறாமல் போயிருக்கிறேன். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. கேட்டதில்லை. அவர் எல்லாரையும் "லவ்" என்று கூப்பிடுவார், அதற்குப் பதிலாக நான் ஒரு சிரிப்புச் சிரிப்பேன், அதோடு சரி. வீட்டில் நாங்கள் வைத்த பெயர் "இரைக்கடை மனுசி". இப்போது அதை எழுதவே கை கூசுகிறது.

அறுபது வயது இருக்கும். மெலிந்த உடம்பு. கோடையிலும் ஒரு ஆம்பிளைக் கம்பளிச் சட்டை போட்டிருப்பார், அதன் கழுத்துப் பட்டியில் நாலைந்து தூண்டில் முள்ளுக் குத்தியிருக்கும். மூக்குக்கண்ணாடி, தூண்டிலுக்குக் கட்டுகிற நைலோன் தங்கூசியில் தொங்கும். இரண்டு கையிலும் விரல்களில் பிளாஸ்டர். கடல் மண்புழுக்களை ஈரச் சாக்குக்குக் கீழே மரப்பெட்டியில் வைத்திருப்பார், மணிக்கொருதரம் தண்ணீர் தெளிப்பார், "வெயில் ஏறுகிறது, கொஞ்சம் பொறுங்கள் பிள்ளைகளே" என்று அவற்றோடு பேசுவதையும் கேட்டிருக்கிறேன். அந்தக் கையாலேயே தகரக் கோப்பையில் தேத்தண்ணி குடிப்பார்.

அந்தக் கடையைக் கண்டுபிடித்தது என் மனைவி பவானி.

அந்தக் காலத்து மெல்பேர்னில் எங்கள் பக்கத்து மீன்கடையில் மீன் என்று விற்றதைப் பார்த்திருக்கவேண்டும். தலை இல்லை, வால் இல்லை, முள் இல்லை, தோலும் இல்லை. வெள்ளை வெளேரென்று, ரொட்டி மாதிரி ஒரு துண்டு. பவானி அதை முதல்தரம் விரித்துப் பார்த்துவிட்டு, "இது மீனோ, பாணோ?" என்று கேட்டாள். அதைக் கறி வைத்தால் சட்டிக்குள்ளே கரைந்துபோகும். வந்து ஆறு மாதம் அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்க்கவில்லை. ஒரு ஞாயிறு கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பாலத்தில் நடந்துவிட்டுத் திரும்புகிற வழியில் அந்தக் கடையின் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஐயோ, இஞ்ச ஓடி வாங்கோ! கணவாயப்பா! சாளை! திரளியும் கிடக்கு!"

முழுசு முழுசாக. தலையோடு, கண்ணோடு.

"இரை எண்டு எழுதியிருக்கு, பவானி. தூண்டிலில குத்துறதுக்கு."

"எழுதட்டுமன். மீனுக்கு வாசிக்கத் தெரியுமோ? ரெண்டு றாத்தல் வாங்குங்கோ."

சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக நான் கடையையே வாங்கியிருப்பேன்.

உள்ளே போனேன். இரண்டு இறாத்தல் கணவாய் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "எங்கே போடப்போகிறாய், லவ்?" என்றார்.

இங்கேதான் நான் சறுக்கினேன். "கறிச்சட்டியிலே போடப்போகிறேன்" என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே விஷயம் முடிந்திருக்கும். ஆனால் அந்தக் கிழமைதான் டண்டினோங்கில் நான் இயந்திரங்களுக்குப் படம் கீறுகிற தொழிற்சாலையில், மத்தியானச் சாப்பாட்டு நேரம், எங்கள் ஊரில் கணவாய்க்கறி என்றால் உயிர் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். ஒருவன் சாப்பாட்டை வைத்துவிட்டுச் சிரித்தான். "அதையா தின்னுகிறீர்கள்? அது மீனுக்குப் போடுகிற சாமான்!" அன்றிலிருந்து என்னைக் கண்டால் கன்னத்துக்குள் விரலை விட்டு, தூண்டிலில் மாட்டின மீன் மாதிரி இழுத்துக் காட்டுவான். மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். வெட்கங்கெட்ட சிரிப்பு.

ஆகவே அந்த அம்மாவிடம், "பாலத்திலேதான்" என்று சொன்னேன்.

"ஆளுக்கு எத்தனை தூண்டில்? ரெண்டு இறாத்தலுக்குக் கடலையே கூப்பிடலாமே!"

"அயலட்டைக்காரரும் வருவினம்" என்பதை இங்கிலிஷில் சொன்னேன்.

"நல்லது" என்று பழைய செய்தித்தாளில் சுற்றித் தந்தார். கூடவே ஒரு சின்னப் பொட்டலம் முள். "உன் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, உன்னிடம் சரியான முள் இல்லை. இது என் கணக்கு."

அடுத்த சனிக்கிழமை நான் வாசலில் கால் வைக்கவும் வந்தது. "எங்கே? எதிலே? எவ்வளவு?"

ஒன்றும் படவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒன்றும் படவில்லை என்று சொல்லுகிறவர்களை அந்த அம்மா பார்க்கிற பார்வை இருக்கிறதே, சாப்பாடு கிடைக்காத பிள்ளையைப் பார்க்கிற மாதிரி. உடனே வேறு முள், வேறு ஈயக்குண்டு, வேறு யோசனை என்று தொடங்கிவிடுவார். ஒரு மணித்தியாலம் போய்விடும். அதனால், "ஒரு ஃபிளாட்ஹெட், ஒரு இறாத்தல்" என்றேன். அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டுமே! ஊருக்கே கேட்கக் கத்தினார். பலகையில் எழுதினார். என் வாழ்க்கையில் நான் பிடிக்காத முதல் மீன் அது.

அதன் பிறகு பிடிக்காத மீன் எத்தனையோ. தூண்டில் தடியை நான் கையால் தொட்டதே இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில் வருகிற மீன்பிடிப் பத்தியைச் சோதனைக்குப் படிக்கிற மாதிரிப் படித்தேன். எந்தப் பாலத்தில் எந்தக் காற்றுக்கு எது வரும், பெருக்குத் தண்ணிக்கு என்ன, வற்றுத் தண்ணிக்கு என்ன, எல்லாம் தலைகீழ்ப் பாடம். பொய் சொல்லுவதிலும் ஒரு ருசி இருக்கிறது. பாலத்தின் நுனியில் நிற்கிறேன், வடக்குக் காற்று, பக்கத்தில் ஒரு கிழவர் கொட்டாவி விடுகிறார், அப்போது என் கயிறு விண்ணென்று இழுக்கிறது... கடையில் நிற்கிற மற்றவர்களும் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். தொழிற்சாலையில் என்னை மீனாக்கினார்கள், இங்கே நான் மீன்காரன். ஒரு நாள் இரண்டு பேர் என்னிடம் புத்தி கேட்டார்கள். கொஞ்சமும் கூசாமல் சொன்னேன்.

ஒருதரம் பிடிபடப் பார்த்தேன். தாடிக்காரன் ஒருவன் குறுக்கே விழுந்தான். "நேற்று நானும் அந்தப் பாலத்தில்தான் நின்றேன். இந்த ஆளைக் காணவில்லையே. புளுகு!"

நான் சுவரில் தொங்கிய தூண்டில்களைப் பார்க்கத் தொடங்கினேன். அந்த அம்மா உள்ளங்கையால் மேசையில் ஒரு அடி அடித்தார். ஈயக்குண்டுகள் துள்ளி விழுந்தன.

"இந்தக் கடையில் யாரும் யாரையும் பொய்யன் என்று சொல்லக்கூடாது. சொல்ல வேண்டுமென்றால் பாலத்தில் போய் நின்று சொல்லு. போன கோடையில் நீ சொன்ன பன்னிரண்டு இறாத்தல் ஸ்னாப்பரை நான் நிறுத்துப் பார்த்தேனா?"

தாடிக்காரன் தலையைக் குனிந்துகொண்டு வெளியேறினான். அவர் என் பக்கம் திரும்பி, ஒன்றுமே நடக்காத மாதிரி, "எவ்வளவு என்றாய், லவ்?" என்று கேட்டார். அவருடைய குணமே அதுதான். தன் கண்முன்னால் ஒரு மனுஷன் வெட்கப்பட்டு நிற்பதை அவரால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. இது எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. நான் கெட்டிக்காரன், அவர் அப்பாவி, தப்பிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அவர் ஏன் அப்படிக் கத்துகிறார் என்பது இரண்டாவது வருஷத்தில்தான் தெரிந்தது. கடைக்குப் பின்னால் பிளாஸ்டிக் பட்டிகளாலான ஒரு திரை தொங்கும். நான் ஒரு பெரிய கதையை அவிழ்த்துவிட்டு முடிக்கவும், திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. இருமலும் சிரிப்பும் கலந்த சத்தம். அந்த அம்மா திரையை விலக்கினார். உள்ளே ஒரு சில்லுக் கதிரையில் பெரிய உடம்புக்காரர் ஒருவர். வலக்கை மடியில் கிடந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

"என் மனுஷன். நாற்பது வருஷம் இந்தக் குடாவில் மீன் பிடித்தவர். பாரிசவாதம் வந்து அஞ்சு வருஷமாகிறது. இனிக் கடல் இவரிடம் வந்தால்தான் உண்டு" என்றார்.

அந்த மனிதர் இடக்கையை நீட்டினார். சொற்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வைப்பதுபோலப் பேசினார். "சிலோன்... தானே? சண்டைக் காலம். கொழும்பில்... ரெண்டு நாள்... கப்பல் நின்றது. நல்ல... தேத்தண்ணி."

மூன்று கேள்வியும், திருப்பிச் சொல்லுவதும், அந்தக் கத்தலும் எல்லாம் அவருக்காக. கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டுக் கடலை வாங்கித் திரைக்குப் பின்னால் அனுப்பிக்கொண்டிருந்தார் அந்த அம்மா.

தெரிந்த பிறகாவது நிறுத்தினேனா? அதுதான் இல்லை. ஏதோ தர்மம் செய்கிறவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். பாவம் நோயாளி, என் கதையைக் கேட்டுச் சிரிக்கிறார், பொய்யானால் என்ன? கதைகள் இன்னும் பெருத்தன. "உன்னுடைய சனிக்கிழமைக்கு அவர் கிழமை முழுக்கக் காத்திருக்கிறார்" என்று அந்த அம்மா சொன்னபோது எனக்குத் தலை கூரையில் முட்டியது.

கடைசியில் ஒரு சனிக்கிழமை பொய்க்கே தட்டுப்பாடு வந்துவிட்டது. தெரிந்த பாலங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. கடைக்குள் ஏழெட்டுப் பேர், எந்த இடத்தைச் சொன்னாலும் நேற்று அங்கே நின்றவன் ஒருத்தன் இருப்பான். சுவரில் இரண்டு குடாக்களும் கீறிய பெரிய வரைபடம் ஒன்று ஒட்டியிருந்தது. இந்தப் பக்கத்துக் குடாவை விட்டுவிட்டு, மற்றக் குடாவான வெஸ்டர்ன் போர்ட்டின் வடக்கு மூலையில், ஒருவரும் போகாத ஒரு நீலத்தில் விரலை வைத்தேன். "இங்கே. கரையில் நின்று, மத்தியானம். ஸ்னாப்பர். கணவாயில். எட்டு இறாத்தல்."

நீலத்துக்கு மேல் ஏதோ பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. வாசிக்கவில்லை. படம் கீறிச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

சோக்கட்டி அந்தரத்தில் நின்றது. அவர் என் விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு என்றைக்கும் இல்லாத சத்தத்தில், "எங்கே? அந்த வடக்கு மூலையிலா? கரையில் நின்றா? எட்டு இறாத்தல் ஸ்னாப்பரா?" என்று திரைப்பக்கம் திரும்பிக் கத்தினார். உள்ளே சிரிப்பு வெடித்தது. நிற்கவே இல்லை. அந்த மனிதர் மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். அந்த அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பலகையில் மீனையும் நிறையையும் மட்டும் எழுதினார். "இடத்தை எழுதமாட்டேன், லவ். இப்படியான இடத்தை எல்லாருக்கும் காட்டிக்கொடுக்கக் கூடாது" என்றார். எனக்கு மரியாதை செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார். முதல்தடவையாக மெதுவாகப் பேசினார்.

"ஒரு உதவி கேட்கவேண்டும். அவர் அந்த இடத்தைப் பார்க்கவேண்டுமாம். உன்னோடு. நாளைக்குக் கடையைப் பூட்டுகிறேன். காரில் ஏற்றி இறக்க ஒரு ஆள் வேணும். உனக்கு ஏலுமா?"

ஞாயிற்றுக்கிழமை, கோடை தொடங்குகிற நேரம். இரைக்கடைக்கு அதைவிட நல்ல வியாபார நாள் இல்லை.

"நாளைக்கு... காற்று எப்படியோ தெரியாது. மீன் வராமலும் போகலாம்" என்று இழுத்தேன்.

"மீன் வராவிட்டால் என்ன, லவ்? நீ வந்து பக்கத்தில் இருந்தால் போதும்." என் முழங்கையைத் தொட்டார். "டொக்டர் நாளைக் குறித்த மாதிரித்தான் பேசுகிறார். எட்டு மணிக்குக் கடை வாசலில் நிற்போம்."

வருகிறேன் என்றேன். எப்படி இல்லையென்று சொல்லுவது?

ஞாயிறு காலை காரை எடுத்தேன். வழி முழுக்க என் மண்டைக்குள் ஒரே யோசனைதான். அந்த மனிதர் நாற்பது வருஷம் கடலில் கிடந்தவர். நான் தடியைப் பிடிக்கிற பிடியைப் பார்த்தாலே விளங்கிவிடும். முள்ளில் இரை குத்தத் தெரியாது. கயிறு வீசத் தெரியாது. மூன்று வருஷப் பொய்யும் ஒரு நிமிஷத்தில் நாறப்போகிறது. தெரு முனைக்கு வந்தேன். அங்கிருந்தே கடை வாசல் தெரிந்தது. கதவில் கடை பூட்டு என்கிற மட்டை தொங்கியது. அந்த மனிதர் சில்லுக் கதிரையில், மடியில் கம்பளி, தலையில் தொப்பி, இடக்கையில் ஒரு தூண்டில் தடி. அந்த அம்மா கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டுப் பூப்போட்ட சட்டை போட்டிருந்தார். பக்கத்தில் ஐஸ்பெட்டி, பிளாஸ்க். சுவரில் மடக்குக் கதிரைகள் சாய்ந்திருந்தன. எண்ணிப் பார்த்தேன். அவர் சில்லுக் கதிரையில் இருக்கிறார், ஆனாலும் இரண்டு மடக்குக் கதிரைகள். ஒன்று அந்த அம்மாவுக்கு. மற்றது எனக்கு.

காரைத் திருப்பினேன்.

அவ்வளவுதான். வேறு ஒன்றும் நடக்கவில்லை. ஒரு ஆள் காரைத் திருப்ப எவ்வளவு நேரம் எடுக்கும்? வீட்டுக்கு வந்து பவானியிடம், "அவைக்கு ஏதோ வசதிப்படேல்லையாம், பயணம் இல்லை" என்றேன். அவளிடமும் பொய். கையைக் கழுவிவிட்டு இருந்து தோசை தின்றேன்.

இரண்டு மாதம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மறுபடியும் அந்த வெள்ளைப் பாண் மீன்தான். பவானி பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள், "கணவாய் திண்டு எத்தினை நாளாச்சு? அந்த மனுசியோட கோவமே?" என்று கேட்டாள். அந்த இரவு எனக்கு நித்திரை இல்லை. போவது என்று முடிவெடுத்தேன். போய் உண்மையைச் சொல்லுவது. நான் மீன் பிடிக்கிறவன் இல்லை அம்மா, அன்றைக்குத் தெரு முனைவரை வந்தேன், பயத்தில் திரும்பிவிட்டேன், மன்னிக்கவேண்டும். வசனம் வசனமாகப் பாடமாக்கினேன். மூன்று கேள்வியும் கேட்பார்தானே, முதல் கேள்விக்கே உடைத்துவிடுவது என்று நினைத்தேன்.

சனிக்கிழமை உள்ளே போனேன். அவர் புழுப்பெட்டிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார். "வா, லவ். ரெண்டு இறாத்தல்தானே?"

கேள்வி வரவில்லை. நான் காத்துக்கொண்டு நின்றேன். கேட்கவே இல்லை. எனக்கு முன்னால் நின்ற ஆளிடமும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பிளாஸ்டிக் திரை ஒரு பக்கமாகச் சேர்த்துக் கட்டியிருந்தது. உள்ளே பெட்டிகள் அடுக்கியிருந்தன. சில்லுக் கதிரையைக் காணவில்லை.

பலகையில் ஒரே ஒரு வரி. எந்தத் திங்கட்கிழமையும் அதைத் துடைக்கவில்லைப்போலும், சோக்குக் கொஞ்சம் மங்கியிருந்தது. ஸ்னாப்பர் இரண்டு, கணவாயில். பக்கத்தில் இடம்: நான் விரல் வைத்த அந்த மூலை.

"போனோம்" என்றார், நான் பலகையைப் பார்ப்பதைக் கண்டு. "பக்கத்துக் கடைப் பொடியன்கள் ஏற்றிவிட்டார்கள். நல்ல இடம், லவ். ரெண்டு பிடித்தார். மூன்று கிழமை கழித்துப் போய்விட்டார். நித்திரையிலே." கணவாயைத் தராசில் போட்டார். "உனக்கு அன்றைக்குக் காய்ச்சல் என்று அவரிடம் சொன்னேன். அவர் உன்னில் ஒரு குறையும் நினைக்கவில்லை." தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். "காய்ச்சல்தானே?"

பாடமாக்கியதைச் சொல்ல இதுதான் நேரம். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் எந்தப் பக்கத்தால் தப்பலாமோ அந்தக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"ஓம்," என்றேன். "நல்ல காய்ச்சல்."

"பார்த்தாலே தெரிகிறது, மெலிந்துவிட்டாய்" என்றார். எப்போதும்போலக் கணவாயை உள்ளே கொண்டுபோய், பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்து தந்தார்.

வீட்டுக்கு வந்து குசினிக் கதிரையில் இருந்து பவானியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் பொய்யிலிருந்து, தெரு முனையிலிருந்து, காய்ச்சல் வரைக்கும். அவள் பொட்டலத்தை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள். கணவாய் மைப்பை எடுத்து, ஓடு எடுத்து, தோல் உரித்து, கழுவி இருந்தது. வெளியே செய்தித்தாள், உள்ளே சுற்றியிருந்தது இறைச்சிக் கடையில் சுற்றுகிற வெள்ளைக் கடதாசி.

"இதென்ன, வெறும் செய்தித்தாளில எல்லோ சுத்துறவ?" என்றேன்.

"மற்ற ஆக்களுக்கு வெறும் செய்தித்தாள். எங்களுக்கு ரெண்டு வருசமா உள்ளுக்கு வெள்ளைக் கடதாசிதான். நீங்க கொண்டுவந்து தந்திட்டுப் பேப்பர் வாசிக்கப் போயிடுவியள், எங்க பாத்தனியள்?"

"ஏன் அப்பிடி?"

"உங்களுக்கு ஒருக்கா உண்மையாவே காய்ச்சல் வந்ததெல்லே, முதல் மாரியில? அப்ப நான்தானே ரயிலில போனனான். அவ எங்க பிடிக்கப்போறாய் எண்டு கேட்டா. நான் பிடிக்கேல்லை, கறி வைக்கிறனாங்கள் எண்டு சொன்னன். அதில என்ன வெக்கம்? எப்பிடிச் சமைக்கிறது எண்டும் கேட்டவ. பிறகு சொன்னா, இதை உன்ர மனுசனிட்டச் சொல்லாத, பாவம், கூச்சப்படுவார் எண்டு."

கணவாய் மேசையில் கிடந்தது. பவானி கையைத் துடைத்துக்கொண்டு எனக்கு எதிரே வந்து இருந்தாள்.

"அப்ப அண்டைக்கு அவையள் உங்களைக் கூப்பிட்டது மீன் பிடிக்கவோ?" என்று கேட்டாள்.

அடுத்த நாள் தனியாக அந்த இடத்துக்குப் போனேன். மத்தியானம். கடைப் படத்தில் பொடி எழுத்தில் என்ன அச்சடித்திருந்தது என்பது கரையில் இறங்கியதும் விளங்கியது. கடல் இல்லை. கண்ணுக்கு எட்டின தூரம் சேறு. வற்றில் தண்ணீர் ஒரு மைல் கட்டைக்கு மேல் உள்வாங்கிப் போயிருந்தது, அலையின் வெள்ளைக் கோடுகூடத் தெரியவில்லை. சேற்றில் சின்னப் பறவைகள் கொத்திக்கொண்டு திரிந்தன. உலகத்தில் எந்தக் கெட்டிக்காரனும், பெருக்கிலும் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறாத அந்தக் கரையில் நின்று ஒரு ஸ்னாப்பர் பிடிக்க முடியாது. நாற்பது வருஷம் அந்தக் கடலில் கிடந்த மனிதருக்கு அது தெரியாதா? என் விரல் படத்தில் பட்ட உடனேயே தெரிந்திருக்கும். அதனால்தான் அப்படிச் சிரித்தார். அதனால்தான் அந்த இடத்துக்கே போகவேண்டும் என்றார்.

கரையில் புல் அமுங்கிக் கிடந்த ஒரு சமதரை இருந்தது. மூன்று பேர் இருக்கலாம். அங்கே இருந்துகொண்டு தூண்டில் போட ஏலாது, கயிறு வீச ஏலாது, மீன் பிடிக்கத் தெரியாதவன் என்று ஒருவரும் கண்டுபிடிக்கவும் ஏலாது. பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு கதை சொல்லலாம். அதைத் தவிர அந்த இடத்தில் வேறு ஒரு வேலையும் இல்லை.